சேத்துல நின்ன சேனாதிபதி

ஒரு நாட்டுல, ஆத்தங்கரையோரம், ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தா. நடவுக்குப் பொம்பளைகளைக் கூட்டிட்டுப் போறவ. அவ குலவை போட்டா ஆத்துக்கு அந்தாண்ட மேயுற மாடெல்லாம் திரும்பிப் பாக்கும்.

அந்த நாட்டு ராசா வாரிசில்லாமச் செத்துப் போனாரு. உடனே சேனாதிபதி வச்சிரவாகு, "அறுப்பு முடியிற வரைக்கும் நாட்டை நான் பாத்துக்கிறேன்"னு சிம்மாசனத்துல ஏறி உக்காந்தான். உக்காந்தவன் உக்காந்தவன்தான், எந்திரிக்கவே இல்ல! மூணு பேரு சேந்து நிக்கக்கூடாதுன்னான், சந்தையில சத்தமாப் பேசக்கூடாதுன்னான், நடவுல குலவை போடக்கூடாதுன்னான். ஒச்சம்மா புருசன் மாயாண்டி போயி, "அய்யா, அடுத்த அறுப்பும் வந்திருச்சு, எப்ப எறங்குவீக?"ன்னு கேட்டான். அவனையும், ஆமான்னு தலையாட்டுனவங்களையும் புடிச்சுச் செறையில போட்டுட்டான்.

அப்புறம் என்னாச்சு? பக்கத்து நாட்டுக்காரவுக, "சனங்க வாயை அடைச்ச நாட்டுக்கு உப்பு கெடையாது"ன்னுட்டாக. உப்பில்லாத கஞ்சி சேனாதிபதிக்கே தொண்டையில எறங்கல. சரின்னு கொஞ்சங் கொஞ்சமாக் கட்டை அவுத்துவிட்டான்.

மொதல்ல, சேந்து நிக்கலாம்னான். ஒச்சம்மா போயி, "எங்க ஆளுக எப்ப வருவாக?"ன்னு கேட்டா. "இடங்குடுத்தா மடத்தப் புடுங்குறியா, போ!"ன்னான். அப்புறம், சந்தையில பேசலாம்னான். மறுபடியும் போயி, "எங்க ஆளுக எப்ப வருவாக?"ன்னா. மறுபடியும், "இடங்குடுத்தா மடத்தப் புடுங்குறியா, போ!"ன்னான். கடைசியா, "இந்த வருசம் குலவையும் போடலாம். பக்கத்து நாட்டுத் தூதருக பாக்க வாராக. ராசா மாதிரி நானே மொத நாத்துமுடி எடுத்துக் குடுப்பேன்"னான்.

இங்கதான் பய மாட்டுனான்! நாத்துமுடி குடுக்கிறதுக்கு ஒரு முறை இருக்குல்ல? குடுத்தவரு சேத்துலயே நிக்கணும். பொம்பளைக குலவை போட்டு முடிச்சாத்தான் வரப்பேறலாம். முந்தி ஏறுனா நாட்டுக்கே வெளைச்சல் இல்லன்னு பால்குடிப் புள்ளைக்கும் தெரியும். ஆசை அவன் கண்ணை மறைச்சிருச்சு.

பட்டு வேட்டியைத் தூக்கிக்கிட்டு எறங்குனான், நாத்துமுடியைக் குடுத்தான், ஒச்சம்மா வாங்குனா, வாங்கிட்டு வாயை மூடிக்கிட்டா. அத்தனை பொம்பளைகளும் மூடிக்கிட்டாக. தூதருக வரப்புல நின்னு பாக்குறாக.

"ம், போடு"ன்னான்.

"எங்க ஆளுக எப்ப வருவாக?"ன்னா. அவன் கோவத்துல ஒரு வார்த்தை சொன்னா புருசன் தலை போயிரும்.

வெயிலு ஏறுது, அட்டை கெண்டைக்கால்ல ஏறுது. சிரிக்காதீக, அட்டை கடிச்சாத் தெரியும். அவன் சிப்பாய்களைப் பாத்து, "அடிங்கடா இவளுகளை!"ன்னான். சிப்பாய்க மட்டும் யாரு, நாத்து நட்டவ வயித்துல பொறந்தவங்கதானே? ஒருத்தன் ஈட்டியைக் கீழ போட்டுட்டு, "எங்க ஆத்தா கையில நாத்து இருக்குய்யா"ன்னுட்டான். அவனைப் பாத்து அடுத்தவன் போட்டான். எல்லாரும் போட்டுட்டாங்க.

"இடங்குடுத்தா மடத்தப் புடுங்குறீகளே!"ன்னு கத்துனான் பாருங்க, ஒச்சம்மா நிமிந்து நின்னா. "மடத்தைக் கட்டுனதே நாங்கதானய்யா! மண்ணு சுமந்தது நாங்க, கல்லு சுமந்தது நாங்க, உனக்குச் சோறு போட்டது நாங்க. எங்க மடத்துல எங்களுக்கு இடங்குடுக்க நீ யாரு?"

எப்பேர்ப்பட்ட கேள்வி! எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் புல்லரிக்குது.

அவன் இடுப்புல இருந்த செறைச் சாவியைத் தூக்கிப் போட்டான். சிப்பாய்களே ஓடிப்போயித் தொறந்துவிட்டாங்க. மாயாண்டி தாடியும் மீசையுமா வரப்பு மேல வாரான். அவனைப் பாத்ததும் ஒச்சம்மா அழுதுக்கிட்டே போட்டா பாரு குலவை, நாடே கிடுகிடுத்துச்சு!

சேனாதிபதி வரப்பேறித் திரும்பிப் பாத்தா, பின்னால ஒரு ஆளில்ல. சனங்க கூடி, தங்களுக்குள்ள நல்லவுகளைப் பொறுக்கி எடுத்துச் சபையில உக்கார வச்சாக. அவனை என்ன செஞ்சாக? அதே வயலுல பரண் போட்டுக் குருவி வெரட்ட விட்டாக. "எம்புட்டு வேணும்னாலும் கத்துங்கய்யா, இப்பத்தான் தடையில்லையே"ன்னா ஒச்சம்மா.

நம்ம சோத்தைத் தின்னுட்டு நம்ம வாயைப் பொத்துனவன் சேத்துலதான் நிக்கணும். அவுக குலவை போட்டாக, நீங்க கொட்டாவி விடுறீக, கதையும் வரப்பேறிருச்சு.