குப்புவின் கும்பிடு

குரு என்றவுடன் தாடியையும் மான்தோலையும் தேடுகிறவர்கள் கொளத்தூர்ப் பக்கம் வர வேண்டாம். இந்தக் கதையில் குரு ஒரு மீன் டாக்டர். பெயர் யசோதரா, வயது முப்பத்துநான்கு. வீட்டுத் தொட்டிகளில் வளரும் மீன்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர்.

சீடர் பக்தவத்சலத்துக்கு அவரைவிட வயது நிறையவே கூட. ரொம்ப வருஷம் வண்ண மீன் கடை நடத்தினார். விற்ற மீனெல்லாம் ஏன் செத்துப்போகிறது என்ற கேள்வி அவரை அரித்துக்கொண்டே இருந்தது. கடையை மகனிடம் விட்டுவிட்டு டாக்டரிடம் தொழில் கற்க வந்துவிட்டார். டாக்டர் அவரை "சார்" என்பார். அவர் குருவை "டாக்டரம்மா" என்பார்.

சார் நல்ல மனுஷர். காயத்தைக் கண்டால் மட்டும் அவருக்குக் கை நிற்காது. அடுத்த நொடி வலையும் மருந்துமாகப் பாய்ந்துவிடுவார்.

அந்த வாரம் அவரைப் பாடாய்ப் படுத்தியது ஒரு கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீன். விரல் நீளம்கூட இருக்காது. பெயர் குப்பு. தையல்கடை ஹேமலதா வளர்க்கிற ஜோடியில் சின்னது அதுதான். பெரியவள் பெயர் மங்கம்மா.

குப்புவின் வால் கிழிந்தது. சார் வலையோடு போய் அள்ளிவந்து, தனித்தொட்டியில் விட்டு மருந்து போட்டு ஆற்றி அனுப்பினார். போன வேகத்தில் மறுபடி கிழிந்தது. மறுபடியும் ஆற்றினார். மறுபடியும் கிழிந்தது. இப்போது காயம் ஆறிவிட்டது, ஆனால் குப்பு தொட்டி மூலையில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தீனியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வயிறு ஒட்டிப்போய்விட்டது. இப்படியே போனால் பிழைக்காது என்று சாருக்கே தெரிந்தது.

"கடிக்கிறது மங்கம்மாதான் டாக்டரம்மா. அந்தம்மா வீட்டுக்கே போய் உக்காந்து பார்த்தேன்."

"எப்பக் கடிக்கிறா?"

"அதுதான் புரியல. சின்ன மீனு பெரிய மீனுக்கு முன்னால உடம்பை வெடவெடன்னு ஆட்டிக் காட்டும், நான் உனக்கு அடங்கினவன்னு. ஒரு கும்பிடு மாதிரி. பார்த்ததும் பெரிசு விட்டுடும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா."

"குப்பு பக்கத்துல போய் அந்த ஆட்டு ஆட்டுது. உடனே பாய்ஞ்சு கடிக்கிறா. பேசாம பக்கத்துல படுத்துக் கிடந்தா ஒண்ணும் பண்றதில்ல. கும்பிட்டா கடி, கும்பிடாட்டி சும்மாவா? இது என்ன வியாதி டாக்டரம்மா?"

"நீங்க என்ன முடிவு பண்ணீங்க?"

"வெறின்னு முடிவு பண்ணேன். மங்கம்மாவைக் கொண்டாந்துடுங்க, வேற யாருக்காவது குடுத்துடலாம்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு மத்தியானம் வர்றாங்க." சாரின் குரல் தாழ்ந்தது. "கடிச்சவளைப் பிரிச்சாச்சு. காயமும் ஆறிடுச்சு. அப்புறமும் சாப்பிட மாட்டேங்குதே. இனிமே என்ன மருந்து குடுக்கறது?"

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குச் சொல்றேன் சார்."

மறுநாள் சார் சீக்கிரமே வந்தார். பையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, மேஜைக்கு இந்தப் பக்கம் தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். டாக்டர் வந்து தன் நாற்காலியில் அமர்ந்தார்.

"வணக்கம் டாக்டரம்மா."

பதில் இல்லை. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

வேலையில் மும்முரம் போல என்று நினைத்துக்கொண்டார் சார். கொஞ்ச நேரம் கழித்துக் காபி வாங்கி வந்து டாக்டரின் முழங்கை அருகில் வைத்தார். காபி ஆடை கட்டியது. டாக்டர் தொடவில்லை.

"குப்பு இன்னிக்கும் சாப்பிடலைங்க."

பதில் இல்லை.

 டாக்டரம்மாவைக் கேட்காமல் ஹேமலதாவிடம் முடிவு சொன்னதில் கோபமோ? இருக்கும். சார் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "தப்புதாங்க. உங்ககிட்ட கேட்டுட்டு சொல்லியிருக்கணும். மன்னிச்சுடுங்க" என்றார். இந்த வயதில் இப்படி அவர் யாரிடமும் நின்றதில்லை. டாக்டர் ஸ்லைடை மாற்றினார், அவ்வளவுதான்.

சரி, வேலையிலாவது உதவுவோம் என்று மருந்துக் குப்பியை எடுக்கக் கையை நீட்டினார். வலைக் காம்பால் பட்டென்று ஒரு அடி விழுந்தது, விரல் முட்டியில்.

சார் கையை உதறிக்கொண்டு நின்றார். வலித்ததைவிட அவமானமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவரை ஒன்றும் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்டு உதவப் போனால் அடி. என்ன குற்றம் செய்தோம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டார். ஒன்றும் பிடிபடவில்லை. போதும் இந்தப் படிப்பு, கடைக்கே போய்விடலாம் என்று கிளம்பினார். ஜன்னல் டாக்டருக்கு வலப்பக்கம். சுற்றிப் போய்ப் பையைக் கழற்றினார்.

"நான் வரேங்க."

டாக்டர் முகம் மலரத் திரும்பினார். "எங்க சார் கிளம்பிட்டீங்க, சாப்பிடாம?"

சார் பையை மார்போடு பிடித்துக்கொண்டார்.

"காலையில இருந்து வணக்கம் சொன்னேன். காபி குடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கல, கையில அடிச்சீங்க. இப்ப சாப்பிட்டீங்களான்னு கேக்கறீங்க. எனக்கு ஒண்ணுமே புரியலைங்க."

"அதெல்லாம் எந்தப் பக்கம் இருந்து சார்?"

சார் தன் ஸ்டூலைப் பார்த்தார். அது டாக்டருக்கு இடப்பக்கம் கிடந்தது.

அந்த நேரத்தில் ஹேமலதா ஒரு மூடி போட்ட வாளியோடு உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது. "குடுக்க மனசே வரல சார். குஞ்சுல இருந்து வளர்த்தேன். ஆனா குப்புவும் எனக்குப் புள்ளைதானே?" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

டாக்டர் குப்புவின் தொட்டிக்கு நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பைச் செருகினார். தண்ணீரைப் பதமாகக் கலந்து, மங்கம்மாவை மறுபாதியில் விட்டார்.

"சார், மங்கம்மாவை நீங்க சோதிச்சீங்களா?"

"அவளுக்கு என்னங்க? ஒரு கீறல்கூட இல்லையே."

சொல்லி முடிக்கும்போதே சாருக்குச் சுருக்கென்றது. பையைக் கீழே போட்டுவிட்டுத் தொட்டி முன் குனிந்தார். மங்கம்மாவின் வலது கண்ணுக்கு நேராகக் கண்ணாடியில் விரலை வைத்தார். விரலை நோக்கி வந்தாள். அவள் திரும்பும்வரை காத்திருந்து, இடது கண்ணுக்கு நேராக வைத்தார். ஆட்டிப் பார்த்தார். அசையவே இல்லை. அந்தக் கண்ணுக்குள் கஞ்சித் தண்ணீர் மாதிரி லேசாக ஒரு வெளுப்பு இருந்தது.

"ஐயோ" என்றார் சார். "கும்பிடு போட்டதே அவளுக்குத் தெரியலையா?"

"தண்ணி அதிர்றது மட்டும் தெரியும். வந்தது யாருன்னு தெரியாது. பயந்து கடிக்கிறா."

இத்தனை நாளும் நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு வேறு யாருக்கோ வைத்தியம் பார்த்திருக்கிறோம் என்று சாருக்கு வெட்கமாக இருந்தது.

"இந்தக் கண்ணுக்கு என்ன மருந்து?"

"இல்ல சார். பழைய கோளாறு. பார்வை இனி திரும்பாது."

"அப்ப ரெண்டையும் சேர்த்து விடவே முடியாதா?" என்றார் ஹேமலதா.

"விடலாமே. குப்பு வலப்பக்கமா வரக் கத்துக்கணும், அவ்வளவுதான்."

"மீனு எங்கம்மா கத்துக்கும்?"

"சார் மத்தியானத்துக்குள்ள கத்துக்கிட்டாரே."

ஹேமலதாவுக்கு விளங்கவில்லை. சாருக்கு விளங்கியது, ஆனால் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் தடுப்பை உருவினார். அதுவரை மூலையைவிட்டு அசையாத குப்பு விருட்டென்று மங்கம்மாவிடம் போனது. இடப்பக்கமாகத்தான் போனது. நின்று உடம்பை வெடவெடவென்று ஆட்டியது. மங்கம்மா சடாரென்று திரும்பி வாலில் ஒரு கடி கடித்தாள்.

"பாருங்க!" என்று சார் கத்திவிட்டார். "கத்துக்கும்னா, இத்தனை நாளா ஏன் கத்துக்கல?"

டாக்டர் அவர் கையைப் பார்த்தார். அதில் வலை இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

"கடி வாங்கினவன் வலப்பக்கமா சுத்தி வர்றதுக்குள்ள, ஒவ்வொரு தடவையும் நீங்க இதோட வந்துட்டீங்க சார்."