பாசி அறையில் ஒரு நாற்காலி

கடலோர ஊர் ஒன்றில் பாசிகளை ஆராயும் சிறிய கூடம் இருந்தது. அங்கே குரு பூங்கோதை. சீடர் சவரிராயன், கல்லூரியில் அவளுக்கே தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். தலை நரைத்த பிறகு முனைவர் பட்டத்துக்கு ஆசைப்பட்டுப் பழைய மாணவியிடம் வந்து நின்றார். அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை மேடம் என்பார். இருவருக்கும் அந்தக் கூச்சம் போகவே இல்லை.

அவருடைய சோதனை எளிமையானது. இரண்டு குடுவைகள், இரண்டிலும் பச்சைப் பாசி. தண்ணீரில் வேறு உருவில் கரைந்து கிடப்பதைக் கரியமில வாயுவாக மாற்றிப் பாசிக்கு ஊட்டிவிடுவது ஒரு நொதி. ஒரு குடுவையில் மட்டும் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடும் மருந்தை விட்டார். அந்தப் பாசி திணற வேண்டும், அது வெளிவிடும் ஆக்சிஜன் குறைய வேண்டும்.

குறையவில்லை. மீட்டரில் இரண்டு கோடுகளும் ஒட்டிப் பிறந்தவைபோல் ஓடின.

இத்தனைக்கும் மனிதர் காவலில் குறை வைக்கவில்லை. காற்றில் வேறு பாசி வந்து விழுந்துவிடும் என்று முதல் நாளே சன்னலைச் சாத்தியிருந்தார். கதவிடுக்கில் துணி அடைத்திருந்தார். குடுவைகளுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, தினமும் பகல் முழுக்க ஜெபமாலை முணுமுணுத்தபடி காவல் இருந்தார். பாசிக்கு ஜெபமாலை கேட்கக் கொடுத்துவைத்திருந்தது.

ஒரு நாள் பூங்கோதை உள்ளே வந்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா சார்?”

“காலையில எட்டிப் பாத்தேன் மேடம்.”

அவர் மனைவி பிலோமினா கை கால் விழுந்து, பேச்சும் நின்று, படுக்கையில் இருந்தாள்.

“எட்டிப் பாத்தீங்களா?”

“வேற என்ன செய்ய? ஊசி நர்ஸ் போடுது. கஞ்சி அவ தங்கச்சி ஊட்டுது. அவ என்னையே பாத்துக்கிட்டுக் கிடக்கா, ஒரு வார்த்தை இல்ல.” குடுவைகளைக் காட்டினார். “இங்கயாவது காவலுக்கு ஆள் வேணும். அங்க சும்மா பக்கத்துல உக்காந்து என்ன பிரயோஜனம்? நீங்களே சொல்லுங்க.”

பூங்கோதை கதவிடுக்குத் துணியை உருவினாள். சன்னலை அகலத் திறந்தாள்.

“ஐயோ, வேற பாசி விழுந்துரும்!”

“இன்னிக்கு விழட்டும். வாங்க, வெளியில போய் டீ குடிப்போம்.”

டீ குடித்து முடிந்தும் அவள் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அவர் தனக்குப் போட்ட முட்டை மார்க்கைச் சொல்லிச் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மனம் குடுவையிலேயே கிடந்தது. உள்ளே போக எழுந்தபோதெல்லாம் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். மாலையில்தான் விட்டாள்.

மீட்டரைப் பார்த்தவர் கத்தியே விட்டார். “மருந்து வேலை செய்யுது மேடம்!”

ஒரு கோடு அப்படியே இருந்தது. மருந்து விட்ட குடுவையின் கோடு சரிந்து கிடந்தது.

பிறகு அவருக்கே சந்தேகம் வந்தது. “இத்தனை நாளா ஏன் செய்யல?”

“இத்தனை நாளும் செஞ்சுதுதான் சார். நொதி கை கட்டிக்கிட்டுத்தான் கிடந்துது.” அவள் நாற்காலியைத் தொட்டாள். “சாத்தின ரூம். பகல் பூரா உள்ள ஒரு ஆள். மூச்சு விடாமலா இருந்தீங்க?”

சவரிராயன் யோசித்தார். அறை முழுக்கத் தன் மூச்சு. அதிலிருந்த கரியமில வாயு தண்ணீரில் தாராளமாக இறங்கியிருக்கிறது. அவ்வளவு கிடைத்தால், ஊட்டிவிட நொதி எதற்கு? வகுப்பில் இதை எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“சோதனையை நானே கெடுத்திருக்கேனே! ஒண்ணும் செய்யலையேம்மா. பக்கத்துல சும்மாத்தானே உக்காந்திருந்தேன்!”

மேடம் போய் அம்மா வந்திருந்தது. பூங்கோதைக்குக் கண் கலங்கியது.

“ஆமா சார். சும்மாத்தான் உக்காந்திருந்தீங்க. நீங்க இருந்த வரைக்கும், கை விழுந்தது அந்தப் பாசிக்குத் தெரியவே இல்ல.”

சவரிராயன் நாற்காலியில் கிடந்த ஜெபமாலையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார்.