பெருக்கமரம் வயிறு திறந்த கதை

மரங்கள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய, கடல் வீட்டு வாசல் படலை வரைக்கும் வந்து நலம் விசாரித்த அந்தக் காலத்தில், வடகடலில் தட்டையாக ஒரு தீவு கிடந்தது. அதன் நடுவில் நின்றால் நாலு பக்கமும் கடல் தெரியும். கடலுக்கும் நடுவில் நிற்பவரைத் தெரியும்.

அந்த நடுவில் ஒரு பெருக்கமரம் நின்றது. தூர தேசத்துக் கப்பலொன்றிலிருந்து விழுந்து, அலையில் அடிபட்டுக் கரையேறிய விதையிலிருந்து முளைத்தது. இப்போது பார்ப்பது போல அல்ல. பனையைப் போல ஒல்லியாக, ஆண்டு முழுவதும் பச்சை இலையோடு நின்றது.

தீவில் ஒரு வழக்கம் இருந்தது. தலைப்பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள், பிள்ளையைக் கடலுக்குக் காட்ட வேண்டும். ஈர மணலில் கிடத்திவிட்டுத் தாய் பத்து அடி பின்னால் போய் நிற்பாள். ஓர் அலை வந்து பிள்ளையின் காலைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அவ்வளவுதான். ஆனால் போன ஐப்பசியில் நாகநாதி என்றொருத்தி தன் மகளைக் கிடத்தியபோது, அலை தொட்டது, திரும்பியது, மணலில் ஒன்றுமில்லை. நாகநாதி அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை.

கதிராசிக்குத் தலைப்பிள்ளை பிறந்து முப்பது நாளாகியிருந்தது.

"நாளைக்கு விடியக் காட்ட வேணும்," என்றான் புருஷன் ஆறுமுகன், வலையைத் தோளில் போட்டபடி.

"இஞ்சேருங்கோ, நாகநாதியின்ர பிள்ளை..."

"அது ஒண்டு. எத்தினை பிள்ளையளைத் தொட்டிட்டுப் பேசாமல் போயிருக்கு! என்னையும் உன்னையும் தொட்டதுதானே?"

ஆயிரம் தரம் திரும்பிய அலைக்கு, ஆயிரத்தோராம் தரம் என்ன நினைப்பு வரும் என்று யாருக்குத் தெரியும்? அவன் படலை தாண்டியதும் பிள்ளையைப் பழஞ்சீலையில் சுற்றி, மடிக்குள் ஒளித்துக்கொண்டு தீவின் நடுவை நோக்கி நடந்தாள். கால் நடந்தது, நெஞ்சு ஓடியது.

வழியில் ஒரு நண்டு கண்ணை நீட்டிக்கொண்டு நின்றது.

"எங்கை போறாய் கதிராசி? கடற்கரை அந்தப் பக்கமெல்லோ?"

"வேப்பிலை பிடுங்கப் போறன்."

"வேப்பிலைக்கு விக்கல் எடுக்குமோ? மடிக்குள்ள விக்குது!"

"உன்ர சோலியைப் பார்."

"இதுதானே என்ர சோலி," என்று சிரித்துவிட்டு, நண்டு கரைக்கு ஓடியது.

கதிராசி பெருக்கமரத்தடியில் விழுந்தாள். "ஒளிக்க ஒரு இடம் தா. கடல் தேடி வரப்போகுது."

"எனக்கு மடி இல்லையே, பிள்ளை," என்றது மரம். "வேணுமெண்டால் வயிற்றைத் திறக்கலாம். ஆனால் திறக்கத்தான் எனக்கு ஏலும். மூட ஏலாது."

"திற."

மரம் பல்லைக் கடித்துக்கொண்டு அடியிலிருந்து ஆள் உயரத்துக்குப் பிளந்தது. அந்தச் சத்தத்தில் காகங்கள் கலைந்தன. கதிராசி உள்ளே புகுந்து, வாசலுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தினாள். அவளுடைய முதுகுதான் கதவு.

கரையில் நண்டு கடலிடம் சொல்லிவிட்டது. ஆனால் நண்டுக்கு நேரே வழி காட்டத் தெரியாது. "அந்தப் பக்கம்" என்று காலை நீட்டினால் அது இந்தப் பக்கம் போகும். கடல் கோபத்தோடு கரையேறிப் பனங்கூடல்களைத் துழாவியது; கல்வேலிகளுக்குள் எட்டிப் பார்த்தது; ஆட்டுக்கொட்டில்களை முகர்ந்தது. கண்டுபிடிக்க முடியவில்லை. மரத்துக்குள்ளிருந்த கதிராசிக்குத் தண்ணீர் சலசலத்துக்கொண்டு நகரும் சத்தம் கேட்டது. சத்தம் கிட்ட வந்தது. பிறகு தூரப் போனது. அவள் மூச்சு விட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை அழுதது.

பால் கொடுத்தாள். வேண்டாமென்றது. தட்டினாள். அழுகை கூடியது. அந்தத் தீவில் பெண்களும் கரையில் நின்று வலைக்கயிறு இழுப்பார்கள், பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு. கயிற்றுக்குப் பாடும் பாட்டில்தான் அங்கே எல்லாப் பிள்ளைகளும் தூங்கிப் பழகியது. வேறு தாலாட்டு அவளுக்குத் தெரியாது. யோசிக்கவும் இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"ஏலேலோ... ஏலையா..."

பிள்ளை அடங்கியது.

வெளியே எல்லாமே அடங்கியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வள்ளத்தைத் தூக்கிவிட வா என்று கரையார் அலையைக் கூப்பிடுவதும் அதே பாட்டால்தான்.

முதுகில் ஈரம் பட்டது.

"கதிராசி," என்றது கடல், மிகவும் மெதுவாக. "கூப்பிட்டாய். வந்திட்டன்."

"நான் உன்னைக் கூப்பிடேல்லை."

"பாட்டுக் கேட்டுதே. சரி, பிள்ளையின்ர காலை மட்டும் வெளியில நீட்டு. தொட்டிட்டுப் போறன்."

"நாகநாதியின்ர பிள்ளையை என்ன செய்தனி?"

"வடிவான கால்," என்றது கடல். "விட மனம் வரேல்லை."

அதைச் சொன்ன குரலில் பொய் இல்லை. கதிராசி பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்தாள்.

தண்ணீர் அவள் இடுப்புக்கு ஏறியது. பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

மரம் அவள் காதோடு சொன்னது: "ஒரு வழி இருக்கு. கடலை நான் குடிக்கலாம். விதையாய் மிதந்தபோது வாய்க்குள்ள போன உப்பு இன்னும் நினைவிருக்கு. என்ர இலை எல்லாம் எரிஞ்சு போகும். அதோடை குடிச்சால் ஊதுவன். உள்ளுக்கு இடம் சுருங்கும். நீங்கள் ரெண்டு பேரும் நசுங்கினாலும் நசுங்குவியள். சொல்லு, பிள்ளை. குடிக்கவோ?"

கதிராசி பிள்ளையைப் பார்த்தாள். காலை வெளியே நீட்டினால் ஒருவேளை தொட்டுவிட்டுப் போய்விடும். ஒருவேளை.

"குடி," என்றாள்.

மரம் வேரால் உறிஞ்சத் தொடங்கியது. அடிமரம் புடைத்தது. உட்சுவர் இரண்டு பக்கமும் நெருங்கி அவள் விலாவை அழுத்தியது. பிள்ளையின் மூக்கை மட்டும் வெடிப்பின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தன் மூச்சை அடக்கினாள். மேலே இலைகள் பொசுங்கி, பொலபொலவென்று கொட்டின. கடல் அலறியது, இழுத்தது, கடைசியில் வற்றிப்போன தன் வாலைப் பறித்துக்கொண்டு பின்வாங்கியது. போகும்போது திரும்பிச் சொன்னது:

"இனிமேல் உங்கட பிள்ளையளைக் கேட்டுக் கரையேற மாட்டன். எனக்கு அவசரமில்லை. நடக்கப் பழகட்டும், அவையளே என்னட்டை வருவினம்."

கதிராசி பக்கவாட்டில் திரும்பி, குனிந்து, தோல் உரிய வெளியே வந்தாள். பிள்ளை உயிரோடு இருந்தது. ஊரார் வந்து மரத்தைச் சுற்றி நின்றார்கள். நாகநாதி அந்த வெடிப்பின் விளிம்பைத் தடவிக்கொண்டு கனநேரம் நின்றாள். பிள்ளையைக் கடலுக்குக் காட்டும் வழக்கம் அந்த ஆண்டோடு நின்றது. பத்து மாதம் கழித்து, கதிராசியின் மகன் சுவரைப் பிடித்து எழும்பி முதல் அடி வைத்தான். வாசலைப் பார்த்து வைத்தான். வாசலுக்கு நேரே கடல். அவள் ஓடிப்போய் வாரி எடுத்தாள்.

கடலைக் குடித்த அன்று தொட்டுத்தான் அந்தப் பெருக்கமரம் வயிறு ஊதி, ஆண்டில் பாதி நாள் இலையில்லாமல், மூடாத வெடிப்போடு நிற்கிறது. தீவு பார்க்க வள்ளத்தில் வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போய், கூவிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கைப்பிள்ளையோடு நுழையும் தீவுத் தாய்மார் மட்டும், பிள்ளை எவ்வளவு அழுதாலும், உள்ளே பாடுவதில்லை.