காரியின் குட்டிகள் வெளுத்த கதை

மனிதர்களுக்கும் மிருகங்களுக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலையின் அடிவாரத்தில் இருந்த நாய்கள் எல்லாம் கறுப்பு. உடம்பும் கறுப்பு, மூக்கும் கறுப்பு. வெள்ளை நாய் என்று ஒன்றை யாரும் பார்த்ததில்லை. காதும் அவற்றுக்கு அப்படிக் கேட்கும். மலைக்கு அந்தப் பக்கம் மழை இறங்கினால், இந்தப் பக்கம் படுத்திருக்கும் நாய் தலையைத் தூக்கும்.

அங்கே சுண்ணாம்பு சுடுகிற குடும்பம் ஒன்று இருந்தது. புருஷன் சங்கிலி, பெண்சாதி மாடத்தி. அவர்களுக்கு நடை பழகி நாலு மாதமே ஆன ஒரு பெண் குழந்தை, பெயர் குருவம்மாள். அதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் மாடத்திக்கு இந்தக் குழந்தையைப் பற்றி எந்நேரமும் பயம். அழுதாலும் பயம், அழாமல் கிடந்தாலும் பயம். சோறு பொங்கும்போதுகூட நடுவில் எழுந்துபோய் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு வருவாள்.

கல் சுமக்க ஒரு கழுதை இருந்தது. குழந்தைக்குக் காவலாகக் காரி என்ற நாய் இருந்தது. காரி கண் திறக்காத குட்டியாக இருந்தபோது அதன் தாயைச் சிறுத்தை தூக்கிப் போய்விட்டது. மாடத்திதான் பாலில் துணியை நனைத்துச் சப்பக் கொடுத்து வளர்த்தாள். காரி அவளை ஆத்தா என்றுதான் கூப்பிடும்.

சுண்ணாம்பு வேலை பொல்லாத வேலை. கல்லைக் காளவாசலில் அடுக்கி மூன்று நாள் சுட வேண்டும். சுட்ட கல்லைக் குழியில் கொட்டித் தண்ணீர் விட்டால், தீ இல்லாமலே குழி கொதிக்கும். பிறகு அடங்கி, காய்ச்சிய பால் மாதிரி மேலே ஆடை கட்டும். ஒரு பகல் வெயில் பட்டால் அந்த ஆடை காய்ந்து, பெருக்கிவிட்ட முற்றம் மாதிரி வெள்ளையாய், சமமாய்க் கிடக்கும். பார்க்கிறவர்களுக்குத் தரை என்றே தோன்றும். ஒரு விரல் கனம்தான் இருக்கும். அதற்குக் கீழே கழுத்தளவுக்கு வெந்துகொண்டிருக்கும்.

அதனால் சுண்ணாம்பு சுடுகிறவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. குழி ஓரத்தில் நின்றுகொண்டு யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. தன் பேர் காதில் விழுந்தால் எவரும் கூப்பிட்ட திசைக்கு நேராக வந்துவிடுவார்கள். கால் எதில் படுகிறது என்று பார்க்க மாட்டார்கள். அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். எவ்வளவு அவசரமானாலும் கையைத் தட்ட வேண்டும். இல்லையென்றால் சுற்றி நடந்துபோய்த் தோளைத் தொட வேண்டும்.

காரிக்கு அப்போது வயிற்றில் குட்டிகள். நிறைமாதம். நடக்கும்போது வயிறு தரையைத் தொடும். ஆனாலும் மாடத்தி கூப்பிட்டால் ஓட்டம்தான். அதைப் பார்த்துக் கழுதைக்குச் சிரிப்பு.

"பேரை முழுசாச் சொல்லக்கூட விடாம ஓடுறே. என்னைப் பாரு. நாலு தடவை கத்தணும். அஞ்சாவது தடவை ஒரு காதை ஆட்டுவேன். ஆறாவது தடவை கம்பை எடுப்பாங்க. அதுக்கப்புறம்தான் யோசிக்கவே ஆரம்பிப்பேன்" என்றது கழுதை.

"எனக்கு அப்படி முடியலியே அண்ணே. பேரைக் கேட்டா காலு தன்னால போயிருது."

"அது காலு இல்ல தங்கச்சி, வியாதி. உன் பிள்ளைகளுக்காவது வராமப் பாத்துக்கோ."

"அதுகளுக்கு இப்பவே வந்தாச்சு. நான் பேசுனா உள்ளே அசையுது" என்று காரி பெருமையாகச் சொன்னது.

மறுநாள் சங்கிலி கல் எடுக்கக் கழுதையை ஓட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பினான். புதுக் குழியில் சுட்ட கல்லைக் கொட்டித் தண்ணீர் விட்டு நீற்றி ஒரு நாள் ஆகியிருந்தது. வழக்கமாகக் குழியைச் சுற்றி முள்ளை வெட்டிப் போடுவான். அன்றைக்குப் போடவில்லை.

"முள்ளைப் போட்டுட்டுப் போய்யா. பிள்ளை நடக்குது" என்றாள் மாடத்தி.

"வரும்போது வெட்டிட்டு வந்து போடுதேன். அதான் காரி இருக்குல்ல புள்ள."

"இன்னைக்கே போடணும்."

"வந்து போடுதேங்கேன்ல. நீ ஒருத்தி, நிழலைப் பார்த்தாலும் பயப்படுவே."

இப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். பயந்தவளை ஏளனம் செய்வது சுலபம். மாடத்தி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியது. குடிசையின் நிழலில் குழந்தை தூங்கியது. பக்கத்தில் காரி படுத்திருந்தது.

"ஏட்டி, இவளைப் பாத்துக்கோ. ஓடையில ஒரு குடம் எடுத்துட்டு வந்திருதேன்."

"சரி ஆத்தா."

ஓடை குழிக்கு அந்தப் பக்கம். அவள் போனதும் காரி கொஞ்ச நேரம் கண்ணை விழித்துக்கொண்டுதான் இருந்தது. நிறைமாத உடம்பு. வெயில். தன்னை அறியாமல் தூங்கிப் போனது.

மாடத்தி குடத்தோடு திரும்பி வந்தபோது, குழிக்கு அக்கரையில், சரியாக விளிம்பில், குழந்தை நின்றுகொண்டிருந்தது.

அம்மாவைப் பார்த்ததும் அது சிரித்தது. இரண்டு கைகளையும் தூக்கியது. அதற்கும் அம்மாவுக்கும் நடுவில் வெள்ளை முற்றம்.

பேரைச் சொன்னால் பிள்ளை ஓடி வரும். கையைத் தட்டினாலும் ஓடி வரும், கை தட்டித்தானே அதற்கு நடை பழக்கினாள். சுற்றிப் போக நூறு அடி. சும்மா நின்றாலும் அது வரத்தான் போகிறது. ஒரு காலை எடுத்து ஆடையின் ஓரத்தில் வைத்துவிட்டது. ஓரம் லேசாக அமுங்கியது.

குழந்தைக்குப் பின்னால் பத்தடியில் காரி தூங்கிக்கொண்டிருந்தது.

'பிள்ளையைப் பிடி' என்று கத்தியிருக்கலாமே என்று மாடத்தி பின்னால் எத்தனையோ முறை நினைத்தாள். தூங்குகிற நாய் எழுந்து, எந்தப் பிள்ளை, எங்கே என்று பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்றும் நினைத்தாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் இதையெல்லாம் நினைக்கவில்லை. ஒரு சொல்லுக்குத்தான் நேரம் இருந்தது. கூப்பிட்டால் காரி குழந்தையை இடித்துக்கொண்டு நேராகக் குழி வழியாகத்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டாள்.

"காரி!"

காரி எழுந்ததையே அவள் பார்க்கவில்லை. பாய்ந்து வருவதைத்தான் பார்த்தாள். அதன் பெருத்த வயிறு உரசியதில் குழந்தை பின்பக்கமாக உட்கார்ந்து விழுந்தது. காரி நிற்கவில்லை. நேராக வந்தது. மூன்று எட்டு ஆடை தாங்கியது. நாலாவது எட்டில் உடைந்தது. குழந்தை பயந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதது.

சுண்ணாம்பு கிண்டுகிற நீளக் கழியை மாடத்தி நீட்டினாள். காரி கண்ணை இறுக மூடிக்கொண்டு, சத்தம் வந்த பக்கத்தை நோக்கியே நீந்தியது. கழி முகத்தில் தட்டியதும் பல்லால் கவ்விக்கொண்டது. அவள் இழுத்தாள். கரைக்கு வந்தது காரி மாதிரியே இல்லை. தலை முதல் வால் வரை வெள்ளை. மூக்கின் தோல் உரிந்து, பச்சைச் சதையாக இருந்தது. இரண்டு காதுக்குள்ளும் சுண்ணாம்பு இறங்கி இறுகியிருந்தது.

அது தள்ளாடி நின்றது. கண்ணைத் திறந்தது. வாலை ஆட்டியது.

"கூப்பிட்டியே ஆத்தா. எதுக்கு?"

மாடத்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "என்னை மன்னிச்சிருட்டி, மன்னிச்சிரு" என்றாள்.

காரி அவள் வாயையே பார்த்தது. "வாயி அசையுது. சத்தம் வரலியே. உனக்குத் தொண்டை கட்டிக்கிருச்சா ஆத்தா?" என்றது.

பொழுது சாயும்போது சங்கிலி முள்கட்டோடு வந்து சேர்ந்தான். குடிசை வாசலில் மாடத்தி காரிக்கு நல்லெண்ணெய் தடவிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

"பேரைச் சொல்லியா கூப்பிட்டே?"

"ஆமா."

"குழி ஓரத்துல வச்சு?"

"ஆமாய்யா, ஆமா."

அவன் குழந்தையைத் தூக்கி, உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு காலின் விரல் நுனியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை இருந்தது. துடைத்தான். "பிள்ளை பிழைச்சுதே. நாய் போனாப் போகுது புள்ள" என்றான், ஆறுதலாக.

"அப்படிச் சொல்லாதே. என்கிட்ட அப்படிச் சொல்லாதே" என்றாள் மாடத்தி.

கழுதை தலையைக் குனிந்துகொண்டு நின்றது. அது கேலி பேசுவதை அன்றோடு விட்டுவிட்டது.

காரி பிழைத்துக்கொண்டது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. மாடத்தி தினமும் அதன் காதோடு வாயை வைத்துத் தான் செய்ததைச் சொல்வாள். தெரிந்துதான் கூப்பிட்டேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை என்பாள். காரி தலையை உதறும். "ஏன் ஆத்தா காதுல ஊதுறே? கூசுது" என்று சொல்லிவிட்டு அவள் கையை நக்கும்.

ஐந்தாம் நாள் காரி மெல்ல நடந்து குழிப்பக்கம் போனது. சங்கிலி முள் போட்டிருந்தான். முள்ளுக்கு உள்ளே, ஆடையின் ஓரத்தில், சின்னக் கால் ஒன்றின் தடம் காய்ந்து கிடந்தது. அதை ஒட்டித் தன் கால் தடம். காரி இரண்டையும் பார்த்தது. எதிர்க்கரையைப் பார்த்தது. வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

திரும்பி வந்து மாடத்தியின் முன்னால் படுத்துக்கொண்டது.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு ஆத்தா. நான் வேண்டியிருந்து நீ கூப்பிடலை. பிள்ளைக்கு முந்தி நான் குழியில விழணும்னு கூப்பிட்டே."

மாடத்தி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"நம்ம குருவம்மாளுக்காக நானே குதிச்சிருப்பேன். நீ கேட்டிருந்தா குதிச்சிருப்பேன். கேக்காமலே எடுத்துக்கிட்டியே" என்றது காரி. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மாடத்திக்கு நன்றாக இருந்திருக்கும். "உன்னைக் குத்தம் சொல்லலை. பெத்தவ அப்படித்தான் செய்வா. நானும் பெத்தவளாகப் போறேன். என் பிள்ளைகளுக்கு நான் என்ன செய்யணும்னு பாக்கேன்."

பிறகு தலையைத் திருப்பித் தன் வயிற்றோடு வாயை வைத்துக்கொண்டு சொன்னது. ரொம்ப மெதுவாகச் சொன்னது. தனக்கே கேட்காத குரலில் சொன்னது.

"கண்ணுகளா, வெளியே வந்த பிறகு உங்களுக்கும் பேரு வைப்பாங்க. அன்பாத்தான் வைப்பாங்க. அது உங்க காதுல விழவே வேண்டாம். விழுந்தா உங்களால நிக்க முடியாது. எனக்குத் தெரியும். நான் சொல்றது ஒண்ணை மட்டும் கேளுங்க. அதுக்கப்புறம் எதையும் கேக்காதீங்க."

நாயின் பிள்ளைகள் அல்லவா? சொன்ன சொல்லைக் கேட்டன. அவை கேட்ட முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் அதுதான்.

இரண்டு நாள் கழித்து ஐந்து குட்டிகள் பிறந்தன. ஐந்தும் வெள்ளை. தாயின் உடம்பில் ஒட்டியிருந்த சுண்ணாம்புதான் பட்டிருக்கிறது என்று நினைத்து மாடத்தி ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. எண்ணெய் வைத்துத் துடைத்தாள். போகவில்லை. மூக்கைத் துடைத்தபோது அது தோல் உரிந்த புண் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. குட்டி வலியில் கத்தும் என்று பயந்து கையை எடுத்தாள். அது கத்தவில்லை. அது புண் இல்லை. நிறமே அதுதான்.

குட்டிகள் கண் திறந்தன. தத்தித் தத்தி நடந்தன. ஒருநாள் சங்கிலி கை தவறி வெண்கலப் பானையைக் கீழே போட்டான். குழந்தை அலறிக்கொண்டு எழுந்தது. கழுதை நாலு காலில் குதித்தது. குட்டிகள் ஐந்தும் அப்படியே பால் குடித்துக்கொண்டிருந்தன.

மாடத்தி காரியின் முன்னால் உட்கார்ந்து தன் காதைத் தொட்டுக் காட்டினாள். குட்டிகளைக் காட்டினாள்.

"நான்தான் ஆத்தா அப்படிச் சொல்லி வச்சேன்" என்றது காரி. "இனி யாரும் அதுகளைக் கூப்பிட்டுக் குழியில இறக்க முடியாது. ஆனா காவல் காக்கும். கண்ணு நல்லாத் தெரியும். காலடி அதிர்ந்தா எந்திரிக்கும். உன் பிள்ளையை விட்டு நகராது. அதுல குறை இருக்காது."

குட்டிகள் பால்குடி மறக்கும் வரை காரி இருந்தது. பிறகு ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. மாடத்தி பக்கத்தில் உட்கார்ந்து, குழி ஓரம் இல்லை என்பதால், அதன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு உரக்கக் கூப்பிட்டாள். காது போன பிறகு அவள் காரியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே அன்றுதான்; கூப்பிட்டும் காரி வராததும் அன்று ஒருநாள்தான்.

வெள்ளைக் குட்டிகள் உயரமாக, கம்பீரமாக வளர்ந்தன. ஊர்க்காரர்கள் அதிசயமாக வந்து பார்த்தார்கள். பால் மாதிரி உடம்பு, சதை நிறத்தில் மூக்கு, இப்படி ஒரு நாயா என்று வாய் பிளந்தார்கள். என்ன அழகு, என்ன அழகு என்று மாடத்தியிடம் சொன்னார்கள். அவள் உள்ளே போய்விடுவாள்.

அன்றிலிருந்துதான் மேற்கு மலை அடிவாரத்தில் பிறக்கும் ராஜபாளையம் நாய்கள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. மூக்கு மட்டும் தோல் உரிந்தாற்போல் சிவந்திருக்கிறது. குட்டிகள் சிலவற்றுக்குக் காது கேட்பதே இல்லை. எவ்வளவு ஆசையாகப் பேர் வைத்தாலும், எவ்வளவு உரக்கக் கத்தினாலும் அவை திரும்பிப் பார்க்காது. அவற்றால் காரியம் ஆக வேண்டுமென்றால், கூப்பிடுகிறவர்தான் எழுந்து, நடந்துபோய், அவற்றின் முகத்துக்கு நேராக நிற்க வேண்டியிருக்கிறது.