ஏழு சீனிச் சகோதரிகள் முதுகு காட்டிய கதை

மருந்துக்கும் மாவுக்கும்கூட வாய் இருந்த அந்தக் காலத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் பாவாயி என்றொருத்தி இருந்தாள். அவளும் கணவன் செங்கோடனும் மரவள்ளி பயிரிட்டுப் பிழைத்தார்கள். ஒரே மகள், ஐந்து வயது நல்லம்மா. அவளுக்குக் காய்ச்சல் கண்டு நான்கு நாளாகியிருந்தது.

செங்கோடன் மலையேறிப் போய் ஒரு மரப்பட்டையிலிருந்து மருந்து எடுத்து வந்தான். கெட்டிக்கார மருந்துதான், காய்ச்சலை நொடியில் விரட்டிவிடும். ஆனால் வாயில் வைக்க முடியாத கசப்பு. அதுகூடப் பரவாயில்லை, தண்ணீரைக் கண்டால் அதற்கு உதறல். கிண்ணத்து நீரில் ஊற்றினால், உள்ளே இறங்காமல் மேலேயே மிதந்துகொண்டு நின்றது.

"ஒரே ஒரு வாய் சாமி. கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சிரு," என்று பாவாயி கெஞ்சினாள்.

"கசக்குதும்மா!" என்று நல்லம்மா துப்பிவிட்டாள். இரண்டாம் முறையும் துப்பினாள். கிண்ணத்தில் ஒரே ஒரு துளி மிஞ்சியது. மறுபடி மலைக்குப் போய்வர இரண்டு நாள் பிடிக்கும். பிள்ளை அதுவரை தாங்குவாள் என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

பாவாயி கிண்ணத்தோடு வாசலுக்கு வந்து, மரவள்ளி மாவைக் கரைத்து வைத்திருந்த பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"நீ உள்ள போனாத்தான் எம்புள்ள பொழைக்கும். போவ மாட்டேங்கறயே!"

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா தாயே? தண்ணியில எறங்க முடியலயே. நான் என்ன பண்ணட்டும்?" என்றது மருந்து. அதுவும் அழுதது.

இதைப் பானைக்குள் இருந்தவர்கள் கேட்டார்கள். மாவு என்றால் வேறொன்றுமில்லை, ஆயிரமாயிரம் சீனிப் பெண்கள் கைகோத்து நிற்கும் வரிசைதான். அவர்களுக்கு முகத்துப் பக்கம் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. முதுகுப் பக்கம் மட்டும் தண்ணீர் ஒட்டாது. அந்த வரிசையின் கடைசியில் நின்ற ஏழு சகோதரிகளுக்கு மனசு கேட்கவில்லை.

"நாம அந்த மருந்தைச் சுத்தி நின்னு கூட்டிக்கிட்டுப் போனா என்னக்கா?" என்றாள் கடைக்குட்டி.

"வரிசைய விட்டு எப்படிடி போறது?" என்றாள் மூத்தவள்.

அதே பானையில் நறுக்கி என்றொரு கண்ணுக்குத் தெரியாத உயிர் இருந்தது. மண்ணில் பிறந்து கிழங்கோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சீனி வரிசைகளை நறுக்குவதுதான் அதற்குத் தொழில், வாய் கொஞ்சம் நீளம்.

"நான் வெட்டி விடறேன். ஆனா ஒண்ணு, வெட்டின கையோட நீங்க ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிச்சு வட்டமா நின்னுக்கணும். அப்புறம் உங்க சனத்தோட சேர ஒரு கைகூட மிச்சமிருக்காது. யோசிச்சுக்கங்க," என்றது நறுக்கி.

ஏழு பேரும் தங்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்குள்ளே நல்லம்மா முனகுவது கேட்டது. "வெட்டு," என்றாள் மூத்தவள்.

நறுக்கி வெட்டியது. மூத்தவள் கடைக்குட்டியின் கையைப் பற்றினாள், வட்டம் மூடிக்கொண்டது. அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பாவாயி, மாவு நீரில் ஒரு கரண்டி மொண்டு ஏழு பேரையும் கிண்ணத்தில் விட்டாள்.

வந்த இடத்தில் ஒரு தப்பு நடந்தது. சீனிக் குலத்தில் விருந்தாளிக்கு முதுகு காட்டக் கூடாது. அதனால் ஏழு பேரும் முகத்தை உள்பக்கம் வைத்து, "வாங்க, வாங்க" என்று மருந்தை அழைத்தார்கள். அவர்கள் முகம் இருக்கும் பக்கம் தண்ணீர் சும்மா இருக்குமா? குபுகுபுவென்று உள்ளே புகுந்துவிட்டது. மருந்து அலறிக்கொண்டு மேலே ஓடியது.

"அம்மணிகளா, கொஞ்சம் திரும்பி நில்லுங்களேன்," என்றது நடுங்கிக்கொண்டே.

"ஐயோ, வந்தவங்களுக்கு முதுகக் காட்டறதா? எங்க சனம் காறித் துப்பும்!" என்றாள் கடைக்குட்டி.

"மரியாதை எல்லாம் எனக்கெதுக்கும்மா? நனையாத எடம் ஒண்ணு போதும்."

சகோதரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்குட்டிக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. இருந்தாலும் முதலில் திரும்பியவள் அவள்தான். பிறகு மற்ற ஆறு பேரும் திரும்பினார்கள். தண்ணீர் வெளியே ஓடி அவர்கள் முகங்களைத் தழுவிக்கொண்டது. நடுவில் காய்ந்த சின்ன இடம் கிடைத்தது. மருந்து மெதுவாக இறங்கி, ஏழு முதுகுகளுக்கு நடுவே தன் கசப்பும் வெளியே தெரியாமல் உட்கார்ந்தது.

கிண்ணத்து நீர் தெளிந்தது. நல்லம்மா பயந்து பயந்து நாக்கில் வைத்தாள்.

"கசக்கலம்மா," என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தாள்.

வயிற்றைத் தாண்டிக் குடல் சுவர் வரை வட்டம் மருந்தைச் சுமந்துகொண்டு போனது. அந்தச் சுவருக்குள் மருந்து நுழையலாம், வட்டத்துக்கு வழியில்லை.

"கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்களேன்," என்றாள் கடைக்குட்டி. அந்த வழித்துணையில் அவளுக்கு அதன்மேல் பாசம் வந்துவிட்டது.

"எனக்கும் போக மனசில்லதான். ஆனா அங்க புள்ள உடம்பு கொதிக்குதே," என்றது மருந்து.

அவர்கள் கைகள் ஒன்றையொன்று பிடித்திருந்தனவே தவிர, மருந்தை யாரும் பிடித்திருக்கவில்லை. அது எழுந்து, சுவருக்குள் நுழைந்து, ரத்தத்தில் கலந்துவிட்டது. சாயங்காலம் நல்லம்மாவின் நெற்றி வேர்த்தது. "அம்மா, பசிக்குது," என்றாள். பாவாயி அவளை அள்ளிக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

ஏழு சகோதரிகளும் தங்கள் வரிசைக்குத் திரும்பவே இல்லை, திரும்பவும் முடியாது. தண்ணீருக்கு அஞ்சும் மருந்துகளை, சீனி வட்டத்துக்குள் உட்கார வைத்து நோயாளிக்குக் கொடுக்கும் வழக்கம் அன்று வந்ததுதான். இன்றைக்கும் அந்த வட்டத்தின் நடுவில் யாரும் குடியிருப்பதில்லை, அடுத்து வருகிறவருக்காக அந்த இடம் காய்ந்தே இருக்கிறது.