மண் படாத கால்கள்

உட்காருங்கள். இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பவர்கள் முதலில் கீழே இறக்கி விடுங்கள், அது பாட்டுக்கு ஓடட்டும். கதையே அதைப் பற்றித்தான்.

ஆறுகளுக்கு இன்னும் பாலம் போடாத காலத்தில், கொன்றைநகரைச் செங்கோடன் என்றொரு ராஜா ஆண்டான். அவனும் ராணி மாதங்கியும் பதினொரு வருஷம் ஏறாத கோயில் இல்லை. அப்புறம்தான் ஒரு பிள்ளை பிறந்தது. பூவேந்தன் என்று பெயர் வைத்தார்கள். நடை பழகும்போது ஒரு நாள் பிள்ளை தொப்பென்று விழுந்தான். உதட்டில் ஒரு துளி ரத்தம். அவ்வளவுதான், அரண்மனையே அல்லோலகல்லோலப்பட்டது.

"இனிமேல் என் மகன் கால் மண்ணில் படக்கூடாது!" என்றான் ராஜா. ராணியும் தலையாட்டினாள்.

மூன்று செவிலிகளை வைத்தார்கள். ஊட்ட ஒருத்தி, விசிற ஒருத்தி, தூக்க ஒருத்தி. தூக்குகிறவள் பெயர் வெள்ளச்சி. புருஷனைப் பறிகொடுத்தவள். அரண்மனைச் சோற்றில்தான் அவளும் மகள் காத்தாயியும் உயிர் வைத்திருந்தார்கள். காத்தாயிக்கும் இளவரசன் வயதுதான். காலையில் ஒரு கலயம் கூழைக் குடித்தால் பொழுதுக்கும் மரத்தில்தான் இருப்பாள்.

ஒரு நாள் மருத்துவர் வந்து இளவரசனின் காலை அமுக்கிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"மகாராஜா, அதிரசத்தை நிறுத்துங்கள். கேழ்வரகுக் கூழும் கீரையும் கொடுங்கள். வெயிலில் விடுங்கள். ஓடட்டும், விழட்டும், எழுந்திருக்கட்டும்."

"கூழா? என் மகன் என்ன ஆடு மேய்க்கவா பிறந்திருக்கிறான்?"

சபையே சிரித்தது. வெள்ளச்சியும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் வேலை போய்விடுமே! ஆனால் மருத்துவர் சொன்னது நிஜம் என்று அவளுக்குத் தெரியும். தினமும் ஒரு பிள்ளையைத் தூக்கி, இன்னொரு பிள்ளையைத் துரத்திப் பிடிக்கிறவளுக்குத் தெரியாதா?

இரண்டு வயதில் இளவரசன் கேட்டான். "வெள்ளச்சி, இறக்கி விடு. பட்டாம்பூச்சி பிடிக்கணும்." கையையும் காலையும் உதைத்தான். அவள் ஓர் அதிரசத்தை வாயில் வைத்தாள்.

மூன்று வயதில் கேட்டான். "இறக்கி விடு. காத்தாயி கூட ஓடணும்." அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. குனியக்கூடச் செய்தாள். அதற்குள் எங்கேயோ கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இரண்டு அதிரசம் கொடுத்துச் சமாதானம் செய்தாள்.

நான்கு வயதில் கேட்டான். "இறக்கி விடேன்." அவ்வளவுதான். உதைக்கவில்லை. மூன்று அதிரசம் போதுமானதாக இருந்தது.

ஐந்தாம் வயதில் அவன் கேட்கவே இல்லை. அதிரசத்தை மட்டும்தான் கேட்டான்.

அந்த வருஷம் ராஜா குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனான்.

கொன்றைநகரில் ஒரு வழக்கம் இருந்தது. இறந்த ராஜாவின் சிதையை, நீர்க்குடத்தைத் தோளில் வைத்து, தன் காலால் மூன்று சுற்றுச் சுற்றுகிற ரத்த உறவுக்குத்தான் கிரீடம். மகனுக்கு முதல் உரிமை. அவனால் முடியாவிட்டால் ராஜாவின் தம்பிக்கு. தம்பி நெடுங்கோடன் அண்ணன் குடும்பத்துக்கு அறவே ஆகாதவன். அவன் சுடுகாட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றான்.

பெண்கள் வராத இடம் அது. ஆனால் இளவரசனைத் தூக்கி வர ஆள் வேண்டுமே என்று வெள்ளச்சியை மட்டும் விட்டார்கள். அவள் அவனை மண்ணில் இறக்கினாள். முதல் முறையாக இறக்கியது அங்கேதான், அந்தப் பாழாய்ப்போன இடத்தில்!

குடம் சின்னக் குடம். அதைவிடப் பெரிய குடத்தில் காத்தாயி தினமும் தண்ணீர் எடுப்பாள்.

முதல் சுற்று. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, தள்ளாடித் தள்ளாடிச் சுற்றி வந்தான். வெள்ளச்சிக்கு உயிர் வந்தது.

இரண்டாம் சுற்று. உள்ளங்காலைச் சரளைக்கல் கிழித்தது. அழுதுகொண்டே சுற்றினான்.

மூன்றாம் சுற்று. பத்தடி வைத்தான். முழங்கால் மடங்கியது. குடம் உடைந்தது. பிள்ளை இரண்டு கையையும் நீட்டினான்.

"வெள்ளச்சி, தூக்கு."

அவள் ஓடினாள். மந்திரி குறுக்கே கையை நீட்டினார். "தொடாதே அம்மா. தொட்டால் சடங்கு போச்சு."

"தூக்கு வெள்ளச்சி! தூக்கு!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நெடுங்கோடன் வேறொரு குடத்தை எடுத்து, மூச்சுகூட வாங்காமல் மூன்று சுற்றையும் சுற்றி முடித்தான். ராணிக்கு அன்றைக்கே ஆள் அனுப்பினான். "அண்ணி, பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போய்விடுங்கள். பல்லக்கு கிடையாது. அது ராஜா வீட்டுக்குத்தான்."

கோட்டையின் கிழக்கு வாசலில் ராணி மகனைத் தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. திரும்பி வெள்ளச்சியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நீயாவது அவனை ஒரு தடவை இறக்கி விட்டிருக்கக் கூடாதாடி, பாவி?"

"கேட்டான் தாயே. மூணு தடவை கேட்டான். நீங்களும் விடல, நானும் விடல."

பூவேந்தன் கையை நீட்டினான். வெள்ளச்சி பழக்கத்தில் குனிந்தாள். அப்புறம் நிமிர்ந்து, ஒரு விரலை மட்டும் நீட்டினாள்.

"நட, ராஜா" என்றாள்.

பத்தடி நடந்து உட்கார்ந்தான். மறுபடி பத்தடி, மறுபடி உட்கார்ந்தான். அங்கிருந்து நாட்டு எல்லையான ஆற்றங்கரைக்கு, கூட வந்த காத்தாயி ஒரே ஓட்டத்தில் போய்விட்டு வந்தாள். அவர்கள் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது, ஓடக்காரன் கடைசி ஓடத்தை அவிழ்த்துக்கொண்டு போயிருந்தான்.

ஓடி விளையாட வேண்டிய வயதில் பிள்ளையை இடுப்பில் வைத்து இனிப்பால் வாயை அடைக்கிறவர்கள், அவன் நடக்க வேண்டிய நாளில் அவனுக்கு உதவ முடியாது.