ஆளை விடாத பதினொருவர்

சிப்பிமுனையில் புத்திசாலிகளே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். ஒருத்தி இருந்தாள். அவளை வெளியூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊர் தன் போக்கில் நிம்மதியாக நடந்தது.

கடற்கரை ஊர். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு மணல் மைதானம். சாயங்காலமானால் பெர்க்மான்ஸும் அவன் கூட்டாளிகளும் அங்கே கால்பந்து ஆடுவார்கள். பெர்க்மான்ஸுக்கு வயது பத்தொன்பது. படிப்பு வரவில்லை. கடலுக்குப் போனால் வாந்தி வந்தது. ஊரில் எங்கே நின்றாலும் யாராவது ஒருவர் அவனைப் பார்த்து, "இவன் எதுக்குமே ஆகமாட்டான்" என்றார். அந்த மைதானத்தில் மட்டும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அங்கே வந்தவர்கள் எல்லோருமே அப்படிப்பட்டவர்கள்தான்.

ஊர்க் கமிட்டித் தலைவர் மிக்கேலடிமைக்கு அதே இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்ட ஆசை. வாசலில் பதிக்கத் தன் பெயரைக் கல்லில் செதுக்கி வாங்கி வீட்டில் வைத்திருந்தார். கல் தயார், மண்டபம்தான் பாக்கி. திருவிழாக் கூட்டத்தில் "இளைஞர்கள்தான் இந்த ஊரின் முதுகெலும்பு" என்று அவர் ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்தபோதே, அவருடைய கொத்தனார் இரண்டு கோல் கம்பங்களுக்கும் நடுவே நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

பையன்கள் கூட்டமாகப் போய்க் கெஞ்சினார்கள். தலைவருக்கு மனம் இளகியது, அல்லது இளகியதுபோல முகம் வைத்துக்கொண்டார்.

"சரிடே. திருவிழாக் கோப்பையில ஜெயிச்சா மைதானம் ஒங்களுக்கு. தோத்தா மண்டபம். மாதாவுக்கு முன்னால சொல்லுதேன்."

இதில் அவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஏனென்றால் கோப்பை வருஷா வருஷம் பக்கத்து ஊரான வெள்ளமணலுக்குத்தான் போகும். அந்த ஊரின் மூத்தோர் அணியில் நாற்பதுக்குக் கீழே ஒருவரும் கிடையாது. அவர்கள் ஓடமாட்டார்கள். பந்து எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு, அங்கே முன்னாலேயே போய் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். கேப்டன் யாகப்பன் ஆட வந்தால் முதலில் தொந்தி வரும், பிறகு பந்து வரும், கடைசியாக கோல் வரும். ஆனால் கட்டாயம் வரும். அவர்களிடம் உதை வாங்கி அலுத்துப்போய், மற்ற ஊர்க்காரர்கள் பெயர் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷம் போட்டிக்கு வந்தவை இரண்டே அணிகள். அதனால் முதல் ஆட்டமே இறுதி ஆட்டம். இறுதி ஆட்டம் வரை முன்னேறிவிட்டதற்காகச் சிப்பிமுனைப் பையன்கள் ஒரு சரம் வெடி கொளுத்திக் கொண்டாடினார்கள்.

அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் தொபியாஸ் அண்ணன். படகு மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். ஒரு காலத்தில் மாவட்ட அணிக்காக ஓர் ஆட்டம் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அந்த அனுபவத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்.

"எலே, அவனுவ கிழட்டு நரி. பந்தை வச்சு ஏமாத்துவானுவ. அதனால நீங்க பந்தைப் பாக்காதீங்க, ஆளைப் பாருங்க. ஆளுக்கு ஒருத்தனைப் பிடிச்சுக்கணும். என்ன ஆனாலும் உன் ஆளை விடாத. அவன் எங்க போனாலும் நீயும் கூடப் போ. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அண்ணே" என்றார்கள் எல்லோரும். தொல்லை அங்கேதான் தொடங்கியது, உண்மையாகவே புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மணலில் வட்டமாக உட்கார்ந்து ஆலோசனை நடத்தினார்கள்.

"அவங்க எத்தன பேரு?" என்று கேட்டான் பெர்க்மான்ஸ்.

"பதினொண்ணு" என்றான் சகாயம். கூட்டத்திலேயே சின்னவன், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் என்று வீட்டில் பயந்துகொண்டிருந்தார்கள்.

"நாமளும் பதினொண்ணு. கணக்கு அச்சா இருக்கு."

"அப்பம் அவங்க கோலியையும் ஒருத்தன் பிடிக்கணுமே?"

"பின்ன? அவன் மட்டும் ஆள் இல்லியா?"

மிச்சம் இருந்தது ரெம்ஜியூஸ். அவன்தான் இவர்களுடைய கோலி. அவன் கொஞ்சம் தயங்கினான். "நான் அங்க போயிட்டா, நம்ம கோலை யாரு பாப்பா?"

எல்லோரும் கடலைப் பார்த்தபடி வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் பெர்க்மான்ஸ் சொன்னான்: "அங்க யாருல வருவா? எல்லாவனையும்தான் நாம பிடிச்சிருப்போமே."

இவ்வளவு எளிய விஷயம் உலகத்தில் வேறு எந்த அணிக்கும் ஏன் தோன்றவில்லை என்று அவர்களுக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

ஆட்ட நாள் வந்தது. நடுவர் கிளாட்ஸ்டன் சார், டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். சட்டப் புத்தகத்தைத் தவிர உலகத்தில் வேறு எதையும் நம்பாதவர். தலைவரும் ஏற்பாட்டோடுதான் வந்திருந்தார். கோல் கம்பத்துக்குப் பின்னால் ஜல்லி லாரி ஒன்று நின்றது. டிரைவர் பீடி பற்றவைத்துக்கொண்டு, "எத்தன மணிக்குக் கொட்டணும்?" என்று கேட்டான். பெர்க்மான்ஸ் அதைக் கேட்டான். லாரி கண்ணில் படாதபடி திரும்பி நின்றுகொண்டான்.

விசில் ஊதியது. யாகப்பன் பந்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார். அவர் காலைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் மார்போடு மார்பாக ஒரு பையன் ஒட்டி நின்றான். எல்லோருக்கும் அதே கதி. ஓர் ஆள், அவரோடு ஒரு பையன் என்று மைதானம் முழுக்கப் பதினொரு ஜோடிகள். பந்து மட்டும் தனியாகக் கிடந்தது.

"பந்து..." என்றார் ஒலிபெருக்கியில் வர்ணனை செய்தவர். கொஞ்ச நேரம் காத்திருந்தார். "பந்து அங்கேயே இருக்கிறது."

யாகப்பனைப் பிடித்திருந்தவன் சகாயம்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுடே. மூச்சு முட்டுது."

"முடியாது மாமா. விடக்கூடாதுன்னு சொல்லியிருக்கு."

"நான் கோட்டுக்கு வெளிய போனா?"

"நானும் வருவேன்."

"டீ குடிக்கப் போனா?"

"எனக்குச் சீனி கம்மியாச் சொல்லுங்க மாமா."

இப்படி ஒரு பதிலைக் கேட்டால் அதை வைத்து என்ன செய்வது என்று தெரிவதற்குப் பெயர்தான் அனுபவம். யாகப்பன் தன் ஆட்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஒவ்வொருவராக நடுவரிடம் போய், "சார், தொடை பிடிச்சிருக்கு" என்று அனுமதி கேட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே டீக்கடைக்கு நடந்தார்கள். பின்னாலேயே அவரவர் பையனும் நடந்தான். அனுமதி கேட்காமல் போனதற்காகக் கிளாட்ஸ்டன் சார் ஒவ்வொரு பையனுக்கும் மஞ்சள் அட்டை காட்டினார். "வச்சுக்கலாமா சார்?" என்று கை நீட்டினார்கள். இப்படி எல்லோரும் டீக்கடையில் இருந்தால் ஆட்டம் செல்லுமா என்று அவர் புத்தகத்தைப் புரட்டினார். டீக்கடையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதனால் ஆட்டம் தொடர்ந்தது.

இப்போது மைதானத்தில் மிச்சம் இரண்டே ஜோடிகள். ஒரு கோடியில் வெள்ளமணல் கோலியும், அவரைக் கண்கொட்டாமல் பார்த்தபடி ரெம்ஜியூஸும். நடுவில் யாகப்பனும் சகாயமும்.

யாகப்பன் பந்தை உருட்டிக்கொண்டு காலியான கோலை நோக்கி நடந்தார். சகாயம் கூடவே நடந்தான். மணலில் கால் புதைந்து பாதி வழியில் அவருக்கு மூச்சு வாங்கியது. சகாயம் தோள் கொடுத்தான்.

"மெதுவா வாங்க மாமா. அவசரம் ஒண்ணும் இல்ல."

"நல்ல பிள்ளைடே நீ. அப்பா பேரென்ன?"

பேசிக்கொண்டே போய், பந்தை உள்ளே தள்ளினார்கள். சகாயம் கோட்டுக்கு வெளியே நின்ற தொபியாஸைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். "விடல அண்ணே!"

இடைவேளையில் தொபியாஸ் செருப்பைக் கழற்றி எறிந்தார். "பந்து நம்ம கோலுக்குள்ள போகுது, நீ அவனுக்குத் தோள் குடுக்க! ஏம்ல?"

"பந்தைப் பாக்காதேன்னு சொன்னீங்களே அண்ணே" என்றான் சகாயம் பணிவாக. "நான் பாக்கவே இல்ல."

தொபியாஸ் போய்ச் செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். மாவட்ட பெஞ்சில் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"சரி. ஆளை விட்டுத் தொலைங்க. இனி பந்துதான். பந்து காலுக்கு வந்துட்டா, உயிரே போனாலும் அதை விடாதீங்க! எல்லாருக்கும்தான் சொல்லுதேன்!"

பெர்க்மான்ஸ் ஜல்லி லாரியைப் பார்த்தான். இந்தத் தடவை தப்பு நடக்கக் கூடாது என்று தீர்மானித்தான்.

இரண்டாம் பாதியில் பந்து அவன் காலுக்கே வந்தது. அவன் அதை இரண்டு பாதத்துக்கும் நடுவே இறுக்கிக்கொண்டான். மற்ற பத்துப் பேரும் ஓடிவந்து அவனைச் சுற்றி முதுகு காட்டி நெருக்கி நின்றார்கள். எல்லாருக்கும்தான் சொல்லியிருந்தது என்பதால் ரெம்ஜியூஸும் வந்துவிட்டான். இருபத்திரண்டு கால் நண்டு ஒன்று மெல்ல மெல்ல வெள்ளமணல் கோலை நோக்கி நகர்ந்தது. யாகப்பன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். காலை நுழைக்க இடம் இல்லை. டீயோடு வடையும் தின்றிருந்த மற்றவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை. பாதி முடியப் போகும் நேரத்தில் நண்டு கோலியை ஒதுக்கிவிட்டு வலைக்குள் போய்ச் சேர்ந்தது. கோல்! ஒன்றுக்கு ஒன்று!

ஊர் கூத்தாடியது. தொபியாஸ் அழுதேவிட்டார். லாரி டிரைவர்கூடக் கை தட்டினான். நண்டு மட்டும் வலையை விட்டு வெளியே வரவில்லை.

"பந்தைக் குடுங்கப்பா" என்றார் கிளாட்ஸ்டன் சார். "நடுவுல வச்சு மறுபடி தொடங்கணும்."

"தொடங்குங்க சார்" என்று உள்ளேயிருந்து பெர்க்மான்ஸின் குரல் வந்தது. "பந்து எங்ககிட்ட பத்திரமா இருக்கட்டும்."

"விடுங்கலே! விட்டுருங்கலே!" என்று தொபியாஸ் தொண்டை கிழியக் கத்தினார்.

நண்டுக்குள் ஆலோசனை நடந்தது.

"அண்ணன் விடச் சொல்லுதாரே?"

"நம்மளச் சோதிச்சுப் பாக்காரு. உயிரே போனாலும்னு சொன்னாருல்லா? யாருக்காவது உயிர் போயிருக்கா?"

ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். யாருக்கும் போகவில்லை.

"அப்பம் விடக்கூடாது."

கிளாட்ஸ்டன் சார் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்று, நேரம் ஆனதும் ஊதினார். பெனால்டி அடித்து முடிவு செய்யலாம் என்றார். பெனால்டிக்குப் பந்து வேண்டும். ஊரில் இருந்தது அந்த ஒன்றுதான். இருட்டத் தொடங்கியதும் "சமம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை உதைத்தார்.

சமம் என்றால் கோப்பை இரு அணிக்கும் சொந்தம். தொபியாஸின் பட்டறையிலிருந்து ரம்பம் கொண்டுவந்து குறுக்கே அறுத்தார்கள். மேல் பாதியை யாகப்பன் எடுத்துக்கொண்டு போனார். தண்ணீர் குடிக்க ஆகும் என்றார். சிப்பிமுனைக்கு அடிக்கட்டை கிடைத்தது. நிற்கிற பாகம் நமக்குத்தான் வந்தது என்று அவர்களுக்குப் பெருமை.

ஆனால் மைதானம் என்ன ஆவது? கமிட்டி கூடியது.

"ஜெயிச்சா மைதானம், தோத்தா மண்டபம். இதுதான் நான் சொன்னது" என்றார் மிக்கேலடிமை.

"நாங்க தோக்கல தலைவரே" என்றான் பெர்க்மான்ஸ்.

"ஜெயிக்கவும் இல்லையேடே."

இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் கமிட்டி நெடுநேரம் திணறியது. அப்போது ஓர் உறுப்பினர் மேஜையில் இருந்த அடிக்கட்டையைச் சுட்டிக்காட்டினார். எல்லோருக்கும் வெளிச்சம் உண்டானது. கோப்பைக்கு ஒரு நியாயம், மைதானத்துக்கு ஒரு நியாயமா?

மைதானத்தின் நடுக்கோட்டில் சுவர் எழுப்பாமல் தூண் நிறுத்தி, ஒரு பாதிக்கு மட்டும் கூரை போட்டு மண்டபம் கட்டினார்கள். நடு வட்டத்தில் பாதி வெயிலில், பாதி மின்விசிறிக்குக் கீழே. மேடைக்கு முன்னால் ஒரு கோல் கம்பம். பாதி மண்டபத்துக்கு முழுப் பெயர் எப்படிப் போடுவது என்று கேள்வி வந்தபோது, கல்லை உடைத்து "மிக்கேல்" என்பதை மட்டும் பதித்தார்கள். ஜனங்கள் அதைத் தேவதூதரான மிக்கேல் சம்மனசு என்று நினைத்து மெழுகுதிரி ஏற்றத் தொடங்கினார்கள். தலைவர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போய்வந்தார்.

மறு வருஷம் கோப்பை ஆட்டத்துக்குக் குறித்த அதே நாளில் மண்டபத்தின் முதல் கல்யாணமும் அமைந்தது. கோயிலில் வெள்ளையடிப்பு வேலை நடந்ததால் பங்குச் சாமியாரே மண்டபத்துக்கு வந்துவிட்டார். இரண்டில் எதையும் தள்ளிவைக்க முடியாது என்பதில் ஊர் ஒற்றுமையாக இருந்தது. டாஸ் ஜெயித்த பெர்க்மான்ஸ், காற்றோட்டமாக இருக்கும் என்று மண்டபப் பக்கத்தையே கேட்டு வாங்கினான்.

மாப்பிள்ளை மாலையும் கோட்டுமாக கோலுக்கு முன்னால் நின்றார். கோலியை மறைக்கிறார் என்று கிளாட்ஸ்டன் சார் மஞ்சள் அட்டை காட்டினார். "நான் யாருன்னு தெரியுமாய்யா?" என்றார் மாப்பிள்ளை. கிளாட்ஸ்டன் சார் இரண்டாவது மஞ்சளையும், அதோடு சேர்த்துச் சிவப்பையும் காட்டி வெளியே போகச் சொன்னார். மணமக்களிடம் சம்மத வாக்கு கேட்க வாயைத் திறந்த சாமியார் அப்படியே நின்றார்.

பெண்ணின் அப்பா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சார், மாப்பிள்ளைக்கு ஒரு தம்பி இருக்கான். அவனை இறக்கிக்கலாமா?"

கிளாட்ஸ்டன் சார் புத்தகத்தைப் புரட்டி, விரல் வைத்துப் படித்துக் காட்டினார். சிவப்பு அட்டை வாங்கியவருக்குப் பதில் ஆள் இறக்கக் கூடாது.

சிப்பிமுனைக்காரர்கள் சட்டத்தை மதிக்கிறவர்கள். ஓர் ஆள் குறைவாகவே கல்யாணத்தை நடத்தி முடித்தார்கள்.